மின்கம்ப உயரத்தில் நின்ற கார்

கார் வேகத்தடையில் ஏறி, மின்கம்ப உயரத்துக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டபோது உடனிருந்தவர்கள் ஐந்து பேர்: லாரி ஸ்பிரிங் பட்டறை நடத்தும் அண்ணன், அந்தக் காரைத் தன் கையால் கட்டிய தங்கை, அண்ணி, எதிர்வீட்டுப் பெயின்டர், வண்டிக்குச் சான்று தர வந்த ஆய்வாளர். தங்கை காருக்குள் இருந்தாள். மற்ற நால்வரும் அண்ணாந்து பார்த்தார்கள். காலை பத்தேகால் மணி, காற்று இல்லை.

காரின் எடை நானூற்று எண்பது கிலோ. கொட்டகையில் குழாய்களைப் பற்றவைத்து அதைக் கட்ட ஆறு வருடம் ஆனது. ஸ்பிரிங் தேர்ந்தெடுக்க மட்டும் ஏழு மாதம். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எடைமெஷின்களை வைத்து, இருக்கையில் தன் எடைக்கு மணல்மூட்டை ஏற்றி, ஒவ்வொரு மூலையும் எவ்வளவு சுமக்கிறது என்று எழுதினாள். ஒன்றேமுக்கால் கிலோவுக்கு ஒரு மில்லிமீட்டர் அமுங்கினால் சரி என்று கணக்கு வந்தது. இவ்வளவு லேசான வண்டி தரையை விடாமல் ஓட ஸ்பிரிங் இளகிக் கொடுக்க வேண்டும் என்பது அவள் கட்சி. அப்படியே நான்கு நீலச் சுருள்களை வாங்கி மாட்டினாள். அண்ணனின் பட்டறையில் சோதனை வேறு: மேலே ஏறி நிற்பது. அசைந்தால் நோஞ்சான். சான்றுக்கு முந்தைய நாள் அவர் காரின் மூக்கில் ஏறி நின்றார். அது குனிந்தது. பெயின்டர் சும்மா இருந்திருக்கலாம். "பட்டறைக்காரர் வீட்டு வண்டியப் பாருங்க, ஆளக் கண்டதும் கும்பிடுது!" என்றார். தங்கை சான்றுக்கான விண்ணப்பம் கொடுக்கப் போன நேரத்தில் அண்ணன் நான்கையும் கழற்றிவிட்டு, ஐந்து மடங்கு விறைப்பான தன் பட்டறைச் சுருள்களுக்கு நீலம் பூசி மாட்டினார். ஏறி நின்றார். அசையவில்லை.

மறுநாள் கார் மேலே போய் நின்றதும் ஆய்வாளர் 'செய்தவரின் கணக்குப் பிழை' என்று கோப்பில் எழுதி, காரை யாரும் தொடக்கூடாதென்று முத்திரை வைத்தார். தங்கையை ஏணி வைத்து இறக்கினார்கள். "அண்ணா, நீங்க எதையாவது தொட்டீங்களா?" என்று கேட்டாள். "நான் எதுக்கும்மா தொடப்போறேன்?" என்றார்.

கார் நான்கு வருடம் அங்கேயே நின்றது. பேருந்துகள் அடியில் போய் வந்தன. தங்கை கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டாள்; தாள் தீர்ந்து சுவரில் எழுதினாள்; எண்கள் சாப்பாட்டு மேசை வரை வந்தன. அண்ணன் அவற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடப் பழகினார். ஒரு நாள், கார் வடிவமைக்கச் சொல்லி யாரோ தொலைபேசியில் அழைத்தார்கள். "எனக்குக் கணக்கு வராதுங்க, வேற ஆளப் பாருங்க" என்றாள் தங்கை. அண்ணன் பாதியில் எழுந்து கை கழுவினார். பழைய துணியில் சுற்றி ஒளித்திருந்த நான்கு நீலச் சுருள்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அவள் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"கேட்டேனேண்ணா."

"கேட்டே."

மறுநாள் அவர் தெருவில் நின்று ஆய்வாளரிடமும், பெயின்டர் காதில் விழும்படியும், நடந்ததைச் சொன்னார். கார் அசையவில்லை. முத்திரையை உடைத்தார்கள். தங்கை ஏணியில் ஏறி நான்கு சுருள்களையும் மாற்றினாள். கடைசி நட்டை முடுக்கி அவள் கீழே வந்ததும் கார் மெல்ல இறங்கி, தரையில் ஒருமுறை குனிந்து, நிமிர்ந்தது. இப்போது அதில்தான் வேலைக்குப் போகிறாள். அதே வேகத்தடை வழியாக.

அண்ணன் நடுத்தெருவில் அழுததால்தான் கார் இறங்கியது என்றொரு பேச்சு இருக்கிறது. தவறு. கார் ஸ்பிரிங் மாற்றியதால் இறங்கியது. அவர் அழுதது அதற்குப் பிறகு. வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து.