எலிசபெத்தின் டோக்கன்

"என்கிட்ட இல்ல பெரியம்மா, அன்னிக்கே ஆஸ்பத்திரியில..."

"ஆஸ்பத்திரியில குடுக்கல. அவ சாமான் ஒவ்வொண்ணா நான் கையில வாங்கினேன். ஷூ, ரிப்பன், நெஞ்சில குத்தின நம்பரு..."

"கூட்டத்துல எங்கியாவது விழுந்திருக்கும்."

"விழுந்துது. உன் கழுத்துல வந்து விழுந்துது. பேப்பர்ல படம் போட்டிருக்கான், பாக்கல நீ?"

தமயந்தியின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. ஞானம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். காலை முதல் ரயிலில் தங்கவயலிலிருந்து வந்து, ஸ்ரீராம்புரத்துச் சந்தில் வீடு விசாரித்து மாடி ஏறியவள், கொடுத்த காபியைத் தொடவே இல்லை.

அவள் கேட்டது ஒரு பித்தளை டோக்கன். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் கீழே இறங்குகிறவன் தன் எண் அடித்த டோக்கனை ஆபீஸ் ஜன்னலில் கொடுத்துவிட்டு இறங்குவான். ஏறி வந்ததும் வாங்கிக்கொள்வான். ஷிப்டு முடிந்தும் ஒரு டோக்கன் ஆணியில் தொங்கினால், ஆள் இன்னும் கீழேதான். ஞானம்மாளின் மகள் எலிசபெத்துக்கு அப்பாவின் டோக்கன் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் அதைத் தமயந்தியின் கையில் வைத்து, "வந்து வாங்கிக்கிறேன்" என்பாள்.

தோழிகள் இரண்டு பேரும் கிலோமீட்டருக்கு ஒருத்தியாக முன்னால் ஓடி மற்றவளுக்காகக் காற்றைத் தாங்குவார்கள். முன்னால் இருப்பவள் திரும்பாமலே "உன் முறை" என்பாள். பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு மாரத்தானில், முப்பத்தோராவது கிலோமீட்டரில், தமயந்தி அப்படிச் சொன்னாள். பதில் வரவில்லை. காலடிச் சத்தமும் நின்றது. கடைசிக்கு மூச்சை மிச்சம் பிடிக்கிறாள் கள்ளி என்று நினைத்து வேகத்தைக் கூட்டினாள். அது அவளுடைய முதல் தங்கம். வெயிலில் சுருண்டு விழுந்த எலிசபெத் அன்று சாயங்காலமே போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்து மறுபடி ஓடத் தொடங்கியபோது, இடது காதுக்குப் பின்னால் காலடி கேட்டது. அன்று முதல் பயிற்சியிலும் பந்தயத்திலும் அது விட்டதில்லை. அதற்குப் பயந்து ஓடியே தமயந்தி ஏழு தங்கம் வாங்கிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழம ஒரே ஒரு ஓட்டம் பெரியம்மா. ஜெயிச்சா வெளிநாட்டுக்கு எடுப்பாங்க. எனக்கும் முப்பத்தாறு ஆவுது, இனிமே கெடைக்காது. அத முடிச்சிட்டு நானே கொண்டாந்து தரேன்."

"கோயில் நகையாடி அது, திருவிழா முடிஞ்சு தர்றதுக்கு?"

"அவ கூட வராம நான் ஜெயிச்சதே இல்ல."

வாய் தவறி வந்த வார்த்தை. ஞானம்மாள் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"அப்போ உனக்கும் கேக்குது" என்றாள் மெதுவாக.

தமயந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஞானம்மாள் பையிலிருந்து ஒரு ஷூவை எடுத்தாள். "அன்னிக்கு அவ கால்ல இருந்தது. வாங்கி ஒரு வாரந்தான். பெட்டியில வெச்சுப் பூட்டினேன். விடியக்காலம் ஆனா பெட்டிக்குள்ள தட்தட்னு சத்தம். எலின்னு இருந்துட்டேன். போன வாரந்தான் தெறந்தேன். திருப்பிப் பாரு."

தமயந்தி திருப்பினாள். அடிப்பாகம் ஓட்டையாகி உள்துணி தெரிந்தது. குதிகாலின் வெளிப்பக்கம்தான் அதிகம் தேய்ந்திருந்தது. காலை அப்படி வைத்து ஓட எலிசபெத் ஒருத்தியால்தான் முடியும்.

"ஒரு ஷூ எண்ணூறு கிலோமீட்டர் தாங்கும்னு நீதான சொல்லுவ. இது எவ்ளோ ஓடியிருக்குது, சொல்லு."

தமயந்தி ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"உன் வெளிநாட்டுக்கு நான் குறுக்க நிக்கல தாயீ. ஆனா எம் பொண்ணு இன்னும் மேல ஏறி வரல. நீதான் அவள ஆணியில மாட்டி வெச்சிருக்க."

தமயந்தி கழுத்துக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். வியர்வையில் ஊறிய முடிச்சு இளகவில்லை; பல்லால் கடித்து அறுத்தாள். டோக்கன் சூடாக இருந்தது.

ஞானம்மாள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். வாசல் வரை போனவள், ஒதுங்கி நின்று யாருக்கோ வழிவிட்டாள். "பாத்து எறங்கு, படி செங்குத்து" என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை அல்சூர் ஏரிக்கரை திரும்பியபோது தமயந்திதான் முதலில் இருந்தாள். முப்பத்தோராவது கிலோமீட்டர்ப் பலகை தெரிந்தது. காதைத் தீட்டினாள். தன் மூச்சு, தன் கால்கள், அவ்வளவுதான். தொடைகள் கனத்தன. இருபது வயசுகூட இருக்காத ஷ்ரேயா என்கிற பெண் பக்கத்தில் வந்தாள், தாண்டினாள், சிறியதாகிப் போனாள்.

பந்தயத்தில் திரும்பிப் பார்த்தால் இரண்டு விநாடி போகும். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடத் திரும்பாத தமயந்தி அன்று நின்றே திரும்பினாள். காலியான ரோட்டில் மிதிபட்ட காகிதக் கப்புகள் காற்றில் உருண்டன.

"எலிசா, உன் முறை."