எண்ணிக்கையில் விழாத ஃபைசன்

ஃபைசனை எண்ண முடியாது. எங்கள் ஊர் ஏரிக்கரைச் சிறையில் காலையும் மாலையும் கைதிகளை ஐந்தைந்து பேராகக் குந்தவைத்து எண்ணுவார்கள். ஃபைசன் இருக்கும் வரிசையில் ஆறு பேர் உட்கார்ந்திருப்பார்கள், வார்டர் எண்ணினால் ஐந்துதான் வரும். தொட்டு எண்ணிப் பார்த்தார்கள். விரல் அவன் தோளில் படும், எண் மட்டும் அடுத்தவனிடம் போய்விடும். கண்ணுக்கென்னவோ நன்றாகவே தெரிந்தான். கணக்கில்தான் இல்லையே என்று ஒருநாள் வாசல் வழியாக வெளியே நடந்து பார்த்தான்; காவலாளி காதைப் பிடித்து உள்ளே கொண்டுவந்து விட்டார். கணக்கில் இல்லாதவனுக்குச் சோளக்களியில் பங்கு கிடையாது. மற்றவர்கள் ஆளுக்கொரு கிள்ளு கொடுத்ததில் உயிர் ஓடியது.

யாரோ சூனியம் வைத்துவிட்டதாகச் சந்தையில் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த காரணம் வேறு. எங்கள் பக்கத்தில் கல்யாணமோ வம்பு வழக்கோ, எது வந்தாலும் தாய்மாமன்தான் பேசுவார். சம்பந்தப்பட்டவன் வாயைத் திறந்தால் வளர்ப்பு சரியில்லை என்பார்கள். திருட்டுச் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று பிடிபட்ட ஃபைசன், போலீஸ் பேர் கேட்டபோது, மாமா வரட்டும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். மாமா சிம்பலாங்கா மூன்று நாளாகச் சாவு வீட்டில் இருந்தார். பேர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு இழுத்தார்கள், அந்தக் கோப்பும் எங்கேயோ செருகிக்கொண்டது. பிறகு மாமா கோர்ட்டுக்குப் போய் மணிக்கணக்கில் பேசினார். அப்படி ஒரு ஆளே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஃபைசனின் அக்கா எஸ்நத் பள்ளி இறுதி வகுப்பு தேறியவள், பஸ் நிலையத்தில் மண்டாசிப் பணியாரம் சுட்டு விற்றாள். தம்பியை வெளியே கொண்டுவர, சட்ட உதவியாளர் ஆவதென்று முடிவு செய்தாள். வழி இரண்டு இருந்தது. தலைநகரக் கல்லூரியில் ஒரு வருட டிப்ளமோ; முடித்தால் கறுப்பு அங்கி, தங்க முத்திரை குத்திய சான்றிதழ். இன்னொன்று, சட்ட உதவிச் சங்கத்தில் தகரக் கொட்டகைக்குள் மூன்று வாரப் பாடம், பிறகு ஒரு வருடம் காவல் நிலையத்திலும் சிறையிலும் மூத்தவர்களோடு அலைச்சல், கடைசியில் ஒரு பரீட்சை. தேறினால் உள்ளங்கை அளவு அட்டை.

"தங்க முத்திரைடீ! சுவத்துல மாட்டினா ஊரே வாயப் பொளக்கும்," என்றார் மாமா.

"அதக் காட்டினா ஜெயில் கதவு தொறக்குமா மாமா?"

"மரியாதை தானா வரும்."

"மரியாதைய வச்சு நான் என்ன பண்ண? எனக்குத் தம்பி வேணும்."

இரண்டு இடத்துக்கும் நேரில் போய் இதையே கேட்டாள். கல்லூரி எழுத்தர் நேர்மையான மனுஷர். "எங்க பிள்ளைங்க வக்கீல் ஆபீஸ்ல, பேங்க்ல உக்காருவாங்கம்மா. நல்ல வேலைதான். ஜெயிலுக்கு மட்டும் யாரும் போனதில்ல," என்றார். தகரக் கொட்டகையில் பயிற்சி நடத்திய திருமதி கோண்ட்வே, "அட்டை இருந்தா தொறப்பாங்க. ஆனா உள்ள போய் யாருக்காகவும் நீ பேசக் கூடாது. அவங்களையே பேச வைக்கணும். அதான் உன் வேலை," என்றார். எஸ்நத் தகரக் கொட்டகையில் பேர் கொடுத்தாள். மாமா நான்கு மாதம் அவளோடு பேசவில்லை. அவரைப் போன்ற ஒருவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது எங்களுக்குத் தெரியும்.

சிறைக்குள் போன முதல் நாளே அவள் பொறுக்க மாட்டாமல், "இவன் பேரு ஃபைசன் கச்சாலே!" என்று வார்டரிடம் கத்திவிட்டாள். வார்டர் எழுதிக்கொண்டு எண்ணினார்; ஐந்துதான் வந்தது. அதன்பிறகு அவள் விதியை மீறவில்லை. ஜாமீன் கேட்பது எப்படி என்று கைதிகளை வைத்து நாடகம் போட்டாள். போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒருவன் நீதிபதியானான், இன்னொருவன் போலீசானான். ஃபைசன் குற்றவாளி வேஷத்தில் நின்று, ஒரு வருடம் முழுக்க, வாசலைப் பார்த்தான். சில நாள் எஸ்நத் வீட்டுக்கு வந்து அழுதாள்.

அவள் கைக்கு அட்டை வந்த மாதம், நீதிபதி சிறை முற்றத்திலேயே மேஜை போட்டு விசாரணைக்கு உட்கார்ந்தார். பட்டியல் முடிந்ததும், "யாராவது விட்டுப்போச்சா?" என்று கேட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் பார்வையாளர்களோடு இருந்த மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"மாமா, உக்காருங்க," என்றாள் எஸ்நத்.

அவரிடம் அப்படிச் சொன்னவர்கள் அதுவரை யாருமில்லை. திகைத்துப்போய் உட்கார்ந்தார். ஃபைசன் வாசலைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். பிறகு எழுந்தான்.

"நான் ஃபைசன் கச்சாலே. மூணு வருஷம் நாலு மாசமா உள்ள கெடக்கேன். சைக்கிள் பக்கத்துல நின்னேன் ஐயா, எடுக்கல."

நீதிபதி எண்ணச் சொன்னார். அன்று காலையில் நூற்று எண்பத்தாறு வந்த இடத்தில் நூற்று எண்பத்தேழு வந்தது. வார்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை எண்ணினார்; அதேதான். "என்னையும் சேத்தா சார்?" என்று ஃபைசன் கேட்டான். "உன்னையும் சேத்துத்தான்," என்றார் வார்டர். மாலைக்குள் நீதிபதி அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இப்போது சிறையின் மாதாந்திரப் படிவத்தில், காசநோய்க்காரர்களுக்கும் வெளிநாட்டவர்களுக்கும் அடுத்தபடியாக, எண்ணிக்கையில் விழாதவர்கள் என்று ஒரு வரி அச்சடித்தே வருகிறது. யாரும் அதைப் பார்த்து ஆச்சரியப்படுவதில்லை. போன மாதம் மூன்று பேர். இரண்டு பேர் பேசிவிட்டார்கள். மூன்றாமவர் இன்னும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எஸ்நத் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், அவசரப்படுத்தாமல்.