ஒன்பதாம் கட்டம்

...சிவப்புதான், சந்தேகமே இல்லை, ஆனால் அறுபத்தெட்டு வயதில் அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது, சிவப்பு ஃபிரேம் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், நினைத்துவிட்டுப் போகட்டுமே, மூக்கு யாருடையது... மூக்குக்கண்ணாடிக் கடைப் பெண் நான்கு ஃபிரேம்களை மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டு, ஆர்டர் புத்தகமும் பேனாவுமாக நின்றாள். "உங்களுக்கு எதும்மா புடிச்சிருக்கு?" மகன் வண்டி நிறுத்த இடம் தேடிப் போயிருக்கிறான், அவன் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும், வந்துவிட்டால் அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தைதானே. இதே கேள்வியை வீடு வீடாகப் படியேறி எத்தனை ஆயிரம் பேரிடம் கேட்டவள் இவள்.

தெருவுக்கு ஒரு கலர் டிவி வந்திருந்த வருஷங்கள் அவை, ஜனங்களுக்கு எது பிடிக்கும் என்று கம்பெனிகளுக்கெல்லாம் திடீரென்று அக்கறை பொத்துக்கொண்டு வந்தது, இவளுக்கும் ஒரு சர்வே வேலை கிடைத்தது. சோப்பு பச்சையா ரோஸா, ரேடியோவில் பாட்டா நாடகமா, லீவுக்கு மலையா கடலா... ஆண்கள் கதவைத் திறந்தால் கேட்காத கேள்விக்கும் பதில் வரும். பெண்கள் திறந்தால், "அதெல்லாம் அவரைக் கேளுங்க", இல்லாவிட்டால், "எனக்கென்ன, எதுன்னாலும் சரிதான்". அதற்கென்றே படிவத்தில் ஒன்பதாம் கட்டம் இருந்தது, கருத்து இல்லை. ஒன்பதில் டிக் போட்டுப் போட்டு பென்சில் தேய்ந்தது. மேலாளர் குதித்தார். "ஒன்பது ஒன்பதா கொண்டுவந்தா நான் என்னத்தப் பண்றது? ஊர்ல பாதிப் பேருக்கு வாயே இல்லையா?" அன்று பஸ்ஸில் மடியில் படிவங்களை வைத்துக்கொண்டு ஒன்பதுகளை ரப்பரால் அழித்தாள். தையல்காரர் மனைவிக்குக் கடல். மருந்துக்கடைக்காரர் மனைவிக்கு ரோஸ். மாடிவீட்டு அக்காவுக்கு நாடகம், அதுவும் சோக நாடகம். எல்லாம் யாருடைய ஆசை? கடலையே பார்க்காதவளின் ஆசை. இருநூறு பெண்கள் பெயரில் தன் ஆசைகளை எழுதிக் கொடுத்துவிட்டு, மனசு குளிர வீட்டுக்குப் போனாள், அங்கே குளியலறையில் பச்சை சோப்பு இருந்தது. "உனக்குப் பச்சைதானே புடிக்கும்?" என்றார் கணவர். ஆமாம் என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள்? சண்டை போடுகிற மனிதர்கூட இல்லை அவர். அவர் போகிற வரைக்கும், இருபத்தேழு வருஷம், வீட்டில் பச்சை சோப்புதான்.

"செவப்பு நல்லா இருக்கும்மா உங்களுக்கு" என்றாள் கடைப் பெண், இவள் விரல் அதன்மேலேயே இருந்ததைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. எடுத்து மாட்டிப் பார்த்தாள், எதிரே இருந்த கண்ணாடிக்குள் யாரோ துணிச்சலான ஒருத்தி... வாயைத் திறந்தாள். மகன் உள்ளே வந்தான், வேர்த்து விறுவிறுத்து, அன்பாக இவள் தோளில் கை போட்டு, சிவப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். "அம்மாவுக்கு பிரவுன்தாங்க, எப்பவும் அதான் புடிக்கும்." எப்பவும்! முதல் பிரவுன் ஃபிரேமை வாங்கி வந்தது அவன் அப்பா. நல்ல பிள்ளை, அவனைத் திட்டவும் வழியில்லை, அதுதான் எரிகிறது. கடைப் பெண்ணின் பேனா அப்படியே நின்றது, இவளைப் பார்த்தாள். அந்தப் பார்வை தெரியும், டிக் போடுவதற்கு முன் இவளும் அப்படித்தான் ஒரு நொடி பார்ப்பாள். எழுதேன் பெண்ணே, சிவப்பு என்று எழுதேன், அடுத்த வாரம் கண்ணாடி வந்ததும் கடையில் மாறிப்போச்சு என்று இவனிடம் சொல்லிக்கொள்ளலாம், நான் இருநூறு பேருக்கு எழுதினேன், எனக்கு ஒருத்தி எழுதக்கூடாதா?

கடைப் பெண் "பிரவுன்" என்று படித்துக்கொண்டே எழுதினாள். ஒழுங்கான பெண், பொய் எழுதத் தெரியவில்லை. அந்தத் தையல்காரர் மனைவி, கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்றவள், ஏதோ சொல்ல வந்தாளே, இவள்தான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்... ஒருவேளை மலை என்று சொல்ல வந்தாளோ? இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். ஒருத்தியையாவது.

மகன் குனிந்து இவள் முகத்தைப் பார்த்தான். "பிரவுன் ஓகேதானம்மா? வேற ஏதாவது பாக்கணுமா?"

கேட்கிறான். இரண்டாம் தடவையாக இவளிடம் அந்தக் கேள்வி வருகிறது, பேனாகூட இன்னும் மூடவில்லை.

"எனக்கென்னப்பா" என்றது இவள் வாய், "எதுன்னாலும் சரிதான்."