அப்பா பேசாமல் இருந்த மதியம்

பாஷை தெரியாத ஊருக்குப் படிக்கப் போய் ஐந்து வருஷம் இருந்தேன். பெரிய ஓட்டல்களுக்கு எனக்கு வக்கில்லை. சந்துபொந்துகளில் ஒளிந்திருந்த சின்னச் சாப்பாட்டுக் கடைகள்தான் என்னை வளர்த்தன என்று அப்பாவிடம் எத்தனையோ தடவை பீற்றியிருக்கிறேன். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். "அப்படி என்னத்தப் போட்டு வளர்த்தாங்கன்னு நானும் பாக்கணுமே" என்றார். அழைத்துப் போனேன்.

அன்று மதியம் போனது சலவைக்கடைக்குக் கீழே, படியிறங்கிப் போகிற கடை. மேசைகள் நாலைந்துதான். சமைப்பதும் பரிமாறுவதும் ஒரே அம்மாள். என்னை அடையாளம் கண்டு கன்னத்தைத் தட்டினாள். வழியெல்லாம் அப்பா, "இந்தச் சந்துல எதிர்ல வண்டி வந்தா யாரு பின்னாடி போறது?" என்று கேட்டுக்கொண்டே வந்திருந்தார். உட்கார்ந்தும் பேச்சு நிற்கவில்லை.

"மெதுவாச் சாப்பிடுங்கப்பா."

"கண்டக்டர் விசில் அடிக்கிறதுக்குள்ள சாப்பிட்டுப் பழகின வாயிடி இது."

தன் மாமியாரையே பஸ்ஸில் ஏற்றாமல் விசில் கொடுத்துவிட்ட ஒரு கண்டக்டரின் கதையை, வாயில் கறித்துண்டோடு சொல்லிச் சிரித்தார். தோள்கள் குலுங்கின. நானும் சிரித்தேன். பிறகுதான் கவனித்தேன், அவரிடமிருந்து சத்தமே வரவில்லை.

கை தொண்டைக்குப் போனது. முகம் சிவந்து, உதடு நீலம் பாரித்தது. முதுகில் தட்டினேன். தண்ணீரை நீட்டினேன், தட்டிவிட்டார். அவர் கண்கள் என்னையே பார்த்தன. அப்பா பயந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

உதவிக்குக் கூப்பிட வாயைத் திறந்தேன். ஐந்து வருஷம் பேசிய பாஷையில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. "அய்யோ, யாராவது வாங்களேன்! எங்கப்பா!" என்று தமிழில் அலறினேன். பக்கத்து மேசைக்காரர் கரண்டியும் கையுமாக விழித்தார். ஏதோ சண்டை என்று நினைத்திருப்பார்.

அலறல் கேட்டு அந்த அம்மாள் ஓடி வந்தாள். ஒரே பார்வையில் புரிந்துகொண்டு, அப்பாவைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, நெஞ்சுக்குக் கீழே முஷ்டியை வைத்து மேல்நோக்கி இழுத்தாள். அவள் குள்ளம், அவரோ ஆஜானுபாகு. ஒன்றும் நடக்கவில்லை. அப்பாவின் கால்கள் துவண்டன. அவ்வளவுதான், அம்மாவுக்கு எப்படிப் போன் செய்வேன் என்று ஓடியது மனம். பக்கத்து மேசைக்காரர் பாய்ந்து வந்து தாங்கிக்கொள்ள, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். கறித்துண்டு மேசைமேல் வந்து விழுந்தது. நாள்கணக்கில் கிடந்த வண்டி ஸ்டார்ட் ஆவதுபோல் ஒரு மூச்சு வந்தது.

எனக்குப் பயம் தெளியவில்லை. யாரோ கூப்பிட்டு வந்த ஆம்புலன்ஸில் அவர் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கை சில்லென்றிருந்தது. "அப்பா, ஏதாவது பேசுங்கப்பா" என்று கெஞ்சினேன். பேசவில்லை. மூளைக்குக் காற்றுப் போகாமல் ஏதாவது ஆகிவிட்டதோ? பரிசோதித்த டாக்டர், விலா எலும்பில் கீறல், மற்றபடி பயமில்லை என்றார். அப்போதும் அப்பா வாய் திறக்கவில்லை.

சாயங்காலம், நாங்கள் தங்கியிருந்த அறைக்குத் திரும்பிச் செருப்பைக் கழற்றும்போது சொன்னார்: "உனக்கு இவங்க பாஷை தண்ணிபட்ட பாடுன்னியே?"

சிரிக்கத்தான் போனேன், அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைத் தடவினார்.

"போதும்பா. நாளைக்கே ஊருக்குப் போயிடலாம்."

"உயிரத் திருப்பிக் குடுத்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லாம வண்டிய எடுக்கச் சொல்றியா?"

மறுநாள் விலாவைப் பிடித்துக்கொண்டு அதே படிகளில் இறங்கினார். அந்த அம்மாளைப் பார்த்ததும் கும்பிட்டார், தமிழிலேயே என்னென்னவோ சொன்னார். அவளும் தன் பாஷையில், மெதுவாகச் சாப்பிடக் கூடாதா என்று திட்டினாள். நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. துண்டு எதுவும் இல்லாத சூப் கொண்டுவந்து வைத்தாள்.

அப்பா கரண்டியை எடுத்தார். நான் என் கரண்டியை எடுக்கவில்லை.

"என் தொண்டையையே பாக்காதடி. நீ சாப்பிடு."

"பாக்கலப்பா" என்றேன், பார்த்துக்கொண்டே.