அணில் நீட்டிய கம்பி

நாவலில் இருந்தது ஒரே வரிதான்: 'பூனை கண்ணசந்த நேரம் பார்த்து, பூட்டிய மாடியறையிலிருந்து அணில் கம்பி நீட்டியது.' அதைக் கார்ட்டூன் படத்துக்காக வரைய வந்த அனிமேட்டர் பெண்ணோ தமிழை எழுத்துக்கூட்டிப் படித்தவள். அணில் தன் வாலுக்குள்ளிருந்து ஒரு கம்பியை உருவி, கூரையோர ஓட்டை வழியாக அடுத்த வீட்டு மாடிவரை நீட்டி, அதில் சறுக்கிக்கொண்டு போவதாக வரைந்து வைத்திருந்தாள்.

நாவலாசிரியைக்குப் போட்டுக் காட்டும்போதுதான் டைரக்டரே அதைப் பார்த்தார். அவருக்குத் தலை சுற்றியது. பிள்ளைகள் மனப்பாடமாய் ஒப்பிக்கிற கதையில் கை வைத்தது போதாதென்று இது வேறா?

"ஏம்மா, கம்பி நீட்டுறதுன்னா நைசா ஓடிப்போறது. யாரையாவது கேட்டிருக்கக் கூடாதா?" என்று பல்லைக் கடித்தார். அவள் முகம் தொங்கிப்போயிற்று. அவர் நாவலாசிரியை பக்கம் திரும்பினார். "மன்னிச்சிருங்கக்கா. இன்னைக்கே வெட்டிடுறோம்."

நாவலாசிரியை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வெட்டிடாதீங்க தம்பி. பூட்டின ரூம்லேருந்து அணில் எப்படி வெளிய வந்துச்சுன்னு, நான் போற இடமெல்லாம் பிள்ளைங்க கேக்குதுங்க. சத்தியமா எனக்கே தெரியாது. இத்தனை வருஷமா கம்பி நீட்டிட்டு இருந்தது நான்தான்."