வத்ஹாவின் கூடார நிழல்

எங்கள் கூட்டத்துப் பெண் வத்ஹாவின் கூடாரத்தை நாங்களே எரித்த மறுநாளும் அதன் நிழல் அங்கேயே இருந்தது. ஆட்டுமயிர்த் துணியின் சாம்பலைக் காற்று அள்ளிப்போன பிறகும், கம்பமும் கயிறுமாக முழு நிழல் மணலில் கிடந்தது, உச்சிவெயிலிலும் சுருங்கவில்லை. மண்ணைக் கொட்டி மூடினோம். மண்ணின் மேலும் படிந்தது. சரி கிடக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

நாங்கள் கிணற்றடியில் மண்வீடு கட்டிக் குடியேறிய இரண்டாம் வருஷம் அது. அலைகிறவனின் ஈமான், அதாவது இறைநம்பிக்கை, அரைகுறை, ஓரிடத்தில் தங்கினால்தான் முழு முஸ்லிம் என்றார் போதகர் ஃபைஹான். திரும்பிப் போகாமலிருக்கக் கூடாரங்களை எரிக்கச் சொன்னவரும் அவர்தான். தொழக் கற்றுக்கொண்டோம், மந்தைக் கொள்ளை நின்றது. இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் இனி நமக்கெதற்கு என்று ஒட்டகங்களை எல்லாம் விற்றுத் தொலைத்தோமே, அந்த மடத்தனத்தை எந்தத் தண்ணீரில் கழுவுவது? ஏர் பிடிக்கத் தெரியாமல் சுவரோரம் குந்தியிருந்தவர்களிடம் போதகர் வாளைக் கொடுத்து, குடியேறாதவன் எல்லாம் இறைவனை மறுத்த காஃபிர் என்றார். நேற்றுவரை பெண் கொடுத்துப் பெண் எடுத்த கூட்டத்தார்தான் அந்தக் காஃபிர்கள்.

அந்தக் கூட்டத்து இடையன் ஜல்வான் ஒரு மதியம் உயிர்தப்பி ஓடிவந்தான். பின்னால் எங்கள் ஆட்கள் பதினொரு பேர். அவர்களுக்குத் தலைமை வத்ஹாவின் தம்பி முத்லக். ஜல்வான் நிழலுக்குள் விழுந்து, இல்லாத கயிற்றைப் பற்றிக்கொண்டு அலறினான்: "அம்மா, உன் கூடாரத்துல புகுந்துட்டேன்! என் உசிரு உன் பொறுப்பு!" கூடாரக் கயிற்றைப் பிடித்தவன் பகைவனானாலும் மூன்று நாள் காக்க வேண்டும் என்பது எங்கள் பழைய வழக்கம். பதினொரு பேரும் நிழலின் விளிம்பில் நின்றுவிட்டார்கள். வத்ஹா ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"தள்ளுக்கா. கூடாரமே இல்ல, அடைக்கலம் எங்கேருந்து வந்துச்சு?" என்றான் முத்லக்.

"இல்லாத கூடாரம்னா உள்ள வாயேன்டா. காலு ஏன் விளிம்புலயே நிக்குது?"

போதகர் வந்தார். "இதெல்லாம் அறியாமைக் காலத்துப் பழக்கம். மிதிச்சுட்டுப் போங்க."

"நீங்க முதல்ல மிதிங்க ஷேக்கே. வழி காட்டுறவரு நீங்கதானே?" என்றாள் வத்ஹா.

அவரும் கூடாரத்தில் பிறந்தவர்தான். அங்கியைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

மூன்று நாளும் விருந்தாளிக்குப் பேரீச்சையும் காப்பியும்தான். பால் இல்லை. அந்த அவமானம் தாங்காமல் வத்ஹா காவல் நின்றவர்களைப் பார்த்துக் கத்தினாள்: "ஒட்டகத்த வித்து வாளப் புடிச்சீங்களேடா, அதக் கறந்து குடுங்க!"

நான்காம் நாள் காலை, கெடு முடிகிற நேரத்தில், அவள் முன்கம்பத்தின் நிழலைப் பிடுங்கித் தோளில் வைத்தாள். பின்கம்பத்துக்கு ஆள் இல்லை. ஜல்வான் எழப்பார்த்தான், வெட்டுப்பட்ட கால் தாங்கவில்லை. கூடாரம் பிரிப்பது பெண்கள் வேலை. ஆண் தொட்டால் ஆயுசுக்கும் கேலி. முத்லக் வாளை மணலில் எறிந்துவிட்டு உள்ளே போனான். ஒரு கையால் ஜல்வானைத் தாங்கி, மறு கையால் கம்பத்தைத் தூக்கினான்.

"நட, அக்கா," என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. மூவரையும் மூடியபடி நிழல் மேற்கே நகர்ந்தது. மறித்து நின்றவர்கள் அது மேலே படாமல் விலகிக்கொண்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை தொழுகையில் முத்லக்கின் இடம் காலியாக இருந்தது. வரிசையில் இடைவெளி விடக்கூடாது என்று போதகர் சொல்லித் தந்தபடி, பக்கத்தில் நின்ற நான் ஓரடி நகர்ந்து அதை நிரப்பிக்கொண்டேன்.