பாலம் ஏறாத வழி

அமரர் ஊர்தியின் பின்கதவைச் சாத்திவிட்டு, "மேம்பாலத்துல போயிடலாம், பத்தே நிமிஷம்" என்றார் ஓட்டுநர்.

"பாலமா?" அழுதுகொண்டிருந்த அம்மா சட்டென்று நிமிர்ந்தாள். "உசுரோட இருந்தப்பவே அவர் அதுல ஏறினதில்ல. இப்ப ஏத்தினா பதறிப்போவாரு."

ஓட்டுநர் அம்மாவின் பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தார். அம்மா சொல்வதில் நியாயம் இருப்பதாகவே அவளுக்குப் பட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைபார்த்த அப்பாவின் மொபெட் முப்பதைத் தாண்டாது. லாரிகள் பறக்கும் சாலையில் அதை ஓட்டினால் முழுசாக வீடு திரும்ப முடியாது என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் சந்து சந்தாக அலைந்து, போகிற இடத்துக்கெல்லாம் தனி வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். இருபத்தாறு வருடம் ஒரு கீறல்கூட வாங்காத மனிதர், நேற்று மதியம் சோபாவில் செய்தித்தாள் படித்தபடியே போய்விட்டார்.

"சரி, உங்க வழியச் சொல்லுங்க. பன்னெண்டுக்குள்ள மயானத்துல இருக்கணும். விட்டா நாளைக்குத்தான்."

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி லெஃப்ட்டு, தண்ணித் தொட்டிகிட்ட ரைட்டு, அப்புறம் மாவு மில்லுக்குள்ள பூந்து..." என்று மகள் ஆரம்பித்தாள்.

"மில்லுக்குள்ளயா?"

இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மகள் மொபெட்டை எடுத்தாள். மயானம் அவள் படித்த கல்லூரிக்கு அடுத்த தெரு. மூன்று வருடம் பின்னால் உட்கார்ந்து, நேரமாச்சு நேரமாச்சு என்று அப்பாவின் முதுகில் குத்திக்கொண்டே போன வழி.

பின்னால் ஊர்தி, அதற்குப் பின்னால் சித்தப்பாவின் கார். தெருநாய் ஒன்று மூன்றையும் நிதானமாக முந்திப் போனது.

"கொஞ்சம் முறுக்கும்மா!" சித்தப்பா ஜன்னல் வழியே கத்தினார்.

"முறுக்கினதுதான் சித்தப்பா இது!"

மில் வாசலில் அவள் இறங்குவதற்குள், சத்தத்தைக் கேட்டே கதவில் ஒரு பாதி திறந்தது. "என்ன முப்பது சார், இன்னைக்கு லேட்டு?" என்றபடி தலையை நீட்டிய காவலாளி அவளைப் பார்த்தார். பிறகு ஊர்தியைப் பார்த்தார்.

"எப்பம்மா?"

"நேத்து."

"ரோட்டுலயா?"

"இல்லண்ணே. வீட்டுல. சோபாவுல."

காவலாளி கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஜெயிச்சுட்டாரு" என்றார்.

ஊர்திக்குப் பாதிக் கதவு போதாது. மறுபாதி துருவேறி இறுகிக் கிடந்தது. காவலாளி தோள் கொடுத்தார். தலைமுதல் கால்வரை மாவு அப்பியிருந்த நாலு தொழிலாளிகள் வந்தார்கள். ஓட்டுநர் இறங்கினார். கடைசியில், கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பொறுமையிழந்த சித்தப்பாவும் இறங்கித் தள்ள, கதவு அலறிக்கொண்டு நகர்ந்தது.

பின்வாசல் வழியாக வெளியே வந்தபோது மணி பதினொன்று ஐம்பது. கல்லூரி மதில் முடியும் இடத்தில் திரும்ப வேண்டும். மொபெட்டில் இண்டிகேட்டர் எரிந்து வருடங்கள் ஆகின்றன. அவள் வலது கையை நேராக நீட்டி, கண்ணாடியில் பார்த்தாள்.

இண்டிகேட்டர் ஒழுங்காகவே எரியும் ஊர்தியின் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டது. அதற்கும் பின்னால், காரிலிருந்து, மாவு படிந்த ஒரு கை.